ஒயர் எட்டாத தூரம்

கம்ப்யூட்டர் வந்த அன்னைக்கு எங்க ஆஸ்பத்திரில கேக் வெட்டினாங்க. எனக்கும் ஒரு துண்டு வந்துச்சு, மேல க்ரீமே இல்லாம. நான் ஆஸ்பத்திரி தையக்காரி. கிழிஞ்ச போர்வை, பொத்தான் போன நோயாளிச் சட்டை, தலையணை உறை, ஆபரேஷன் தியேட்டர் பச்சைத் துணி எல்லாம் என் மிஷினுக்குக் கீழ வந்துட்டுத்தான் போகணும். என் அறைக்கும் மருந்து ஸ்டோருக்கும் நடுவுல ஒரு பலகைத் தடுப்பு, அவ்வளவுதான். அந்தப் பக்கம் ஒருத்தர் பெருமூச்சு விட்டா இந்தப் பக்கம் எனக்கு நூல் ஆடும்.

ஸ்டோரைப் பாத்துக்கறவளை எல்லாரும் மருந்தம்மான்னு கூப்பிடுவாங்க. அதுக்குன்னு படிச்சு, பரீட்சை எழுதி வந்தவ. ஆனா வந்த நாள்லேருந்து ஒப்பந்த வேலைதான். வேலையில மட்டும் பக்கத்து அறை இல்ல, வீடும் அப்படித்தான். நான் மாடி, அவ கீழ. அந்த வீட்ல எனக்குத் தெரியாம ஒரு பாத்திரம் உருளாது. வம்புக்காரின்னு நினைச்சுக்கங்க, எனக்கு ஒண்ணும் குறைஞ்சு போயிடாது.

அவ வீட்டுக்காரர் கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். சாரத்துலேருந்து விழுந்து இடுப்பு எலும்பு நொறுங்கிப் போச்சு. ஒரு ஆபரேஷன் பண்ணாங்க, சரியா சேரல. இன்னொண்ணு பண்ணாத்தான் தடியைக் கீழ போட முடியும். மருந்தம்மாவுக்கு வேலை நிரந்தரமாச்சுன்னா அந்த ஆபரேஷனை ஆஸ்பத்திரியே பாத்துக்கும். நிரந்தர ஆர்டர் டைப் ஆகி, பெரிய டாக்டர் மேசைக்கும் போயாச்சு. அவர் பேனாவைத் திறந்தா அந்த மனுஷன் எழுந்து நடப்பார். விஷயம் இதுதான். இதை மனசுல வச்சுக்கிட்டு மேல கேளுங்க.

கம்ப்யூட்டரோட ஒரு துப்பாக்கியும் வந்துச்சு. மருந்துப் பெட்டி மேல கோடு கோடா ஒரு படம் இருக்கும் பாருங்க, அதுக்கு நேரா இதைப் பிடிச்சா பீப்புனு கத்தும். என்ன மருந்து, எந்த பேட்ச்ல தயாரானது, எப்ப கெட்டுப் போகும்னு எல்லாம் திரையில வந்து விழும். முன்னல்லாம் வார்டுலேருந்து சீட்டு வரும், மருந்தம்மா எடுத்துக் கொடுப்பா, முடிஞ்சுது. இப்ப பீப்பு கேட்டாத்தான் மருந்து.

வாங்கினாங்களே, ஒரு நாளாவது ஸ்டோருக்குள்ள வந்து பாத்தாங்களா? துப்பாக்கிக்கு ஒயர் குட்டை. மேசையை விட்டு நாலடி நகராது. மருந்து ராக்கெல்லாம் அந்தக் கோடியில. ஒவ்வொரு பெட்டியையும் மேசைக்குத் தூக்கிட்டு வந்து காட்டி, திருப்பிக் கொண்டு போய் வைக்கணும். ராக்குல ஏறி எடுத்துத் தர்ற ஆளுக்கு ஏணின்னு பட்டப்பேர். நல்ல உயரம், வயசும் ஆச்சு. அவர் ஓடின ஓட்டத்துல முட்டிக்கு எண்ணெய் தேய்க்கவே சம்பளம் சரியாப் போச்சு. ஜன்னலுக்கு வெளிய வார்டு ஆளுங்களும் நோயாளிங்களும் வரிசையில நின்னு கத்துவாங்க. "ஏம்மா, மருந்து தர்றியா, இல்ல படம் காட்டறியா?" அப்படின்னு ஒருத்தர் கேட்டது இன்னும் எனக்குக் காதுல இருக்கு.

மருந்தம்மா சும்மா இருப்பாளா? ஒரு வழி கண்டுபிடிச்சா. ஒவ்வொரு மருந்துலயும் ஒரு காலி அட்டைப்பெட்டியை மேசை மேலயே அடுக்கி வச்சுட்டா. ஏணி ராக்குலேருந்து மருந்தை எடுத்து நேரா ஜன்னல்ல கொடுத்துடுவார். இவ மேசையில இருக்கற காலிப் பெட்டிக்கு ஒரு பீப்பு அடிச்சு எண்ணிக்கையைத் தட்டிடுவா. வரிசை மடமடன்னு கரைஞ்சுது. அந்தக் காலிப் பெட்டிக்கு ஏணி மாப்பிள்ளைன்னு பேர் வச்சார். ஒரு வேலையும் செய்யாம, உக்காந்த இடத்துலயே மரியாதை வாங்குதில்ல! கம்ப்யூட்டர் போட்டுக் கொடுத்தவர் ஒரு நாள் வந்து பாத்துட்டு, "பரவாயில்லையே, நல்ல ஐடியா"ன்னு சிரிச்சுட்டுப் போனார். மொத்தக் கணக்கு ஒரு மாத்திரை பிசகாம வந்துச்சு. மேலிடத்துலேருந்து பாராட்டு வந்துச்சு. மத்த ஆஸ்பத்திரிக்காரங்கல்லாம் வேன்ல வந்து எங்க ஸ்டோரை வேடிக்கை பாத்துட்டுப் போனாங்க.

அப்புறம் மழை பிடிச்சுக்குச்சு. பின்பக்க ராக்குக்கு மேல கூரை ஒழுகும். மருந்தம்மா எழுதிக் கொடுத்தா, எவனும் வரல. காய்ச்சல்காரங்களுக்கு நரம்புல போடற ஒரு ஊசி மருந்து. அதுல பழைய பேட்ச் பின்னால இருந்துச்சு, புது பேட்ச் முன்னால. நனையக் கூடாதுன்னு பழசு மேல தார்ப்பாயைப் போட்டு மூடிட்டு, ஏணி முன்னால இருந்த புதுசையே எடுத்துக் கொடுத்துட்டிருந்தார். மேசையில உக்காந்திருந்த மாப்பிள்ளை பழைய பேட்ச். அதை மாத்தணும்னு யாருக்கும் தோணல.

ஒரு மத்தியானம் மேலிடத்துலேருந்து செய்தி வந்துச்சு. அந்த ஊசி மருந்துல புது பேட்ச் குப்பிங்கள்ல கண்ணாடித் தூள் இருக்காம், ஒருத்தருக்கும் போடக் கூடாதாம், எந்தெந்த ஆஸ்பத்திரில எவ்வளவு போட்டாச்சுன்னு உடனே சொல்லணுமாம்.

பெரிய டாக்டர் கம்ப்யூட்டரைத் தட்டிப் பாத்துட்டு போன்ல பேசின குரல் வராண்டா பூரா கேட்டுச்சு. "எங்ககிட்ட ஒரு குப்பி கூட வெளிய போகல சார். மொத்தமும் ஸ்டோர்லயே பத்திரமா இருக்கு. ஒரே ஒரு பட்டன்தான் சார் தட்டினேன்! மத்தவங்க இன்னும் தேடிட்டிருப்பாங்க."

தடுப்புக்கு அந்தப் பக்கம் ஏதோ கீழ விழுந்த சத்தம். மருந்தம்மா என் அறைக்குள்ள வந்து துணி மூட்டை மேலயே உக்காந்துட்டா. மூஞ்சில ரத்தமே இல்ல.

"அக்கா, செத்தேன்."

"என்னடி ஆச்சு?"

"ஏணியண்ணன் எடுத்துக் கொடுத்ததெல்லாம் புதுசுக்கா. நான் பீப்பு அடிச்சதெல்லாம் பழசு. அந்தக் கண்ணாடிக் குப்பி எல்லா வார்டுலயும் இருக்கு. எத்தனை பேருக்குப் போட்டாங்களோ தெரியல."

அவ கொஞ்ச நேரம் உள்ளங்கையால கண்ணை அழுத்திட்டு உக்காந்திருந்தா. அப்புறம் எழுந்து புடவையை உதறிக்கிட்டு பெரிய டாக்டர் அறைக்கு நடந்தா. அந்த அறைக்குப் புதுத் திரை மாட்டற வேலை எனக்கு பாக்கி இருந்துச்சு. அந்த வாரம் பெரிய பெரிய ஆளுங்கல்லாம் எங்க கம்ப்யூட்டரைப் பாக்க வர்றதா இருந்தாங்க. நான் ஸ்டூலைத் தூக்கிட்டு அவ பின்னாலயே போயிட்டேன். போகாம இருப்பேனா?

"சார், அந்த ஊசி வார்டுக்குப் போயிருக்கு."

"எந்த ஊசி?"

"இப்ப போன்ல சொன்னீங்களே சார், அந்த பேட்ச்."

"கம்ப்யூட்டர் போகலன்னு சொல்லுதேம்மா."

"நான் அதுக்கு என்ன சொன்னேனோ அதைத்தான் சார் அது சொல்லுது. நான் தப்பா சொல்லிட்டேன்."

மாப்பிள்ளைப் பெட்டி விவகாரத்தை ஒண்ணு விடாம சொன்னா. தன் மேல தப்பு, ஏணியை ஒண்ணும் சொல்லாதீங்கன்னும் சொன்னா. பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழட்டி மேசை மேல வச்சார்.

"இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கு, ஏணியண்ணனுக்கு."

அவர் ஸ்டூல் மேல நின்ன என்னைப் பாத்தார். என் வாய் நிறைய குண்டூசி. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லத் திறந்தா அத்தனையும் கொட்டும். நான் திரையைப் பாத்துத் திரும்பிக்கிட்டேன்.

"ஸ்டோர்ல அந்த பேட்ச் இப்ப எவ்வளவு மிச்சம்?"

"பாதி கூட இல்ல சார்."

"கூரை ஒழுகுதுன்னு எழுதிக் கொடுத்தியே?"

"ஆமா சார். நீங்க அதைப் பாக்கவே இல்ல."

"இப்ப பாக்கறேன். கணக்குல குறையற குப்பியெல்லாம் மழைத் தண்ணி பட்டு வீணாப் போச்சு, உடைச்சுக் கொட்டியாச்சுன்னு எழுதிக் கொண்டா. கையெழுத்துப் போட்டுக் கொடு. கணக்கு நேராயிடும்."

"வார்டுல இருக்கற குப்பிங்க சார்?"

"சிஸ்டருங்ககிட்ட நான் பக்குவமா சொல்லிக்கறேன். வர்றவங்க வந்துட்டுப் போகட்டும்."

"அதுவரைக்கும் போட்டுக்கிட்டே இருப்பாங்களே சார்!"

"கத்தாதேம்மா. எல்லாக் குப்பியிலயுமா தூள் இருக்கப் போகுது?" அவர் இழுப்பறையைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்து மேசை மேல வச்சார். அவளோட நிரந்தர ஆர்டர். "இதுல நான் இன்னும் கையெழுத்துப் போடல. உன் வீட்டுக்காரர் எப்படி இருக்கார்? நாளைக்குக் காலையில வா. நீ அதுல போடு, நான் இதுல போடறேன். ரெண்டு பேருக்கும் நிம்மதி."

அந்தாள் அதட்டியிருந்தாக் கூட எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. வீட்டுக்காரரை விசாரிச்சாரே, அதுலதான் எனக்கு வயிறு எரிஞ்சுது.

அவ வெளிய வந்தா. சாயங்காலம் கிளம்பறதுக்கு முன்னால வார்டு வார்டா போன் போட்டு, "அந்த ஊசியை மட்டும் இன்னைக்குப் போடாதீங்க, காரணம் நாளைக்குச் சொல்றேன்"னு கெஞ்சினா. சிநேகிதமான சிஸ்டருங்க சரின்னாங்க. மத்தவங்க, "எழுத்துல கொடு, அப்புறம் பாக்கலாம்"னு வச்சுட்டாங்க.

வீட்டுக்கு வந்தா மழை நின்ன பாடில்ல. அவ மாமியார் சோறும் பருப்பும் வச்சு, முட்டை அவிச்சுக்கிட்டிருந்தாங்க. அந்தம்மாவை நான் பெரியம்மான்னு கூப்பிடுவேன். குரல் இருக்கே, தெருக்கோடில போற பஸ்ஸை நிறுத்தும். மாமியாரும் மருமகளும் ஒரு விஷயத்துலயாவது ஒத்துப் போய் நான் பாத்ததில்ல. முட்டை எவ்வளவு நேரம் வேகணும்ங்கறதுல கூட சண்டை. நான் மாடிக்குப் போகாம அவங்க வீட்லயே உக்காந்துட்டேன். மருந்தம்மா ஈரப் புடவையோடயே எல்லாத்தையும் சொன்னா.

அவ வீட்டுக்காரர் கட்டில்ல சாஞ்சு உக்காந்திருந்தார். கேட்டு முடிச்சதும் அவர்தான் முதல்ல பேசினார்.

"மழையில நனைஞ்சுதுன்னு ஒரு வரி. அவ்வளவுதானே கேக்கறார்?"

"அவ்வளவுதான்."

"நீயா கண்ணாடியை அரைச்சுப் போட்டே? எவனோ பண்ணின தப்புக்கு நாம ஏன் அழியணும்? என்னைப் பாரு. பாத்ரூமுக்குப் போகணும்னா கூட எங்கம்மா தோளைப் பிடிக்கணும். சுவத்துக்குச் சுவரு தடவிக்கிட்டுத் திரியறேன். உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"ஆமா, தெரிஞ்சுதான் கேக்கறேன். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. கையெழுத்துப் போடுன்னு உங்க வாயால சொல்லுங்க, நான் போட்டுடறேன்."

"உன் இஷ்டம்."

"இஷ்டமெல்லாம் வேண்டாம். அந்த ஊசி வார்டுல படுத்திருக்கறவங்களுக்குப் போகட்டும், நீ கையெழுத்துப் போடுன்னு முழுசா சொல்லுங்க."

அவர் அம்மாவைப் பாத்தார், என்னைப் பாத்தார். எனக்கு எழுந்து ஓடிடலாம் போல இருந்துச்சு.

"என் வாயால சொல்ல வைக்கப் பாக்கறியாடி? அவனவன் நரம்புல கண்ணாடி ஏத்துன்னு நான் சொல்லணுமா? நான் சொல்ல மாட்டேன். நீ சாமர்த்தியக்காரி, என்னைக் கொண்டு வந்து மூலையில நிறுத்திட்டே." கடகடன்னு அழுதுட்டார். பெரிய உடம்பு, அழுதா கட்டில் குலுங்குது.

"அப்ப முடிஞ்சுதுங்க"ன்னா அவ. அவளும் அழுதா.

பெரியம்மா கரண்டியை டொங்குன்னு போட்டாங்க. "என்னடி முடிஞ்சுது? அவன் சொல்லலன்னா நான் சொல்றேன். போடு கையெழுத்தை! எவன் எக்கேடு கெட்டா நமக்கென்ன?"

"நீங்க சொல்லி நான் என்னைக்கு அத்தை கேட்டிருக்கேன்?"

"கேட்டிருந்தா உருப்பட்டிருப்பே!"

"சரி, முட்டை போதும் எடுங்க, கல்லாயிடும்."

"எனக்குத் தெரியும் எப்ப எடுக்கணும்னு!"

அந்த அழுகையிலயும் அவருக்குச் சிரிப்பு வந்துடுச்சு. எல்லாருமா உக்காந்து சாப்பிட்டோம். முட்டை கல்லாத்தான் இருந்துச்சு.

மறுநாள் காலையில அவ பெரிய டாக்டர் அறைப் பக்கமே போகல. நேரா என்கிட்ட வந்து, "அக்கா, துணிப் பை இருந்தா கொடுங்க, நல்ல கெட்டியா"ன்னா. நான் மிஷினை மூடி வச்சுட்டு அவ கூடவே கிளம்பிட்டேன். காரணம் இருக்கு. வார்டு சிஸ்டருங்க அவசரத்துக்குன்னு மருந்து ஒளிச்சு வைப்பாங்க. கம்ப்யூட்டர் வந்ததும் அது குத்தமாயிடுச்சு. அதனால ஒளிச்சு வைக்கிறதும் அதிகமாயிடுச்சு. எங்க ஒளிப்பாங்கங்கறது டாக்டருக்குத் தெரியாது, மருந்தம்மாவுக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். தைக்க வர்ற தலையணை உறைக்குள்ள எத்தனை தடவை குப்பி உருண்டிருக்கு! நான் வாயை மூடிக்கிட்டுத் திருப்பி அனுப்பிடுவேன்.

ஆம்பளைங்க வார்டு மூத்த சிஸ்டர்தான் முதல் முட்டுக்கட்டை. மருந்தம்மா விஷயத்தைச் சொன்னதும் தட்டுல இருந்த நாலஞ்சு குப்பியை எடுத்துக் கொடுத்துட்டு, "இவ்வளவுதான். என் வார்டுல கூடுதலா ஒண்ணும் கிடையாது"ன்னாங்க.

"சிஸ்டர், கடைசிக் கட்டிலுக்குப் பின்னால அலமாரி, கீழ்த் தட்டு, நீலக்கரை தலையணை. நான் தச்ச உறைதான். நீங்க எடுக்கறீங்களா, நான் எடுக்கவா?"ன்னேன்.

அந்தம்மா முகம் போன போக்கைப் பாக்கணுமே!

மருந்தம்மா நடுவுல வந்தா. "சிஸ்டர், எங்கேருந்து எடுத்தேன்னு நான் எங்கயும் எழுத மாட்டேன். தப்பு பண்ணினவ நான். நீங்க நோயாளிக்கு இல்லாமப் போகக் கூடாதுன்னு வச்சீங்க. எனக்குக் குப்பி மட்டும் வேணும்."

மூத்த சிஸ்டர் தலையணையைக் கொண்டு வந்து கட்டில் மேல கொட்டினாங்க. "இந்தா, இந்தா, எடுத்துக்கோ. பெரிய டாக்டர் கேட்டா நான் எதுவும் பாக்கல. இல்ல, இரு. கேட்டா நானே கொடுத்தேன்னு சொல்லு. என்ன பண்ணிடுவார்?"

அதுக்கப்புறம் ஒரு வார்டு விடல. மெத்தைக்கு அடியில, பாண்டேஜ் டப்பாவுல, ஒரு இடத்துல செடித் தொட்டிக்குள்ள பாலிதீன் சுத்தி. பிரசவ வார்டு சிஸ்டர் அந்த மருந்தைச் சிரிஞ்சில ஏத்திட்டுக் கட்டில் பக்கத்துல நின்னுட்டிருந்தாங்க. "நிறுத்து!"ன்னு மருந்தம்மா போட்ட சத்தத்துல தொட்டில்ல இருந்த பிள்ளைங்கல்லாம் ஒண்ணா வீல்னு கத்துச்சு. சிஸ்டர் மிச்சம் இருந்த குப்பியை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பாத்தாங்க. அடியில பளபளன்னு ஏதோ சுத்துச்சு. சிரிஞ்சை அப்படியே தட்டுல போட்டாங்க. படுத்திருந்த பொண்ணு ஒண்ணும் புரியாம எங்க மூணு பேரையும் மாறி மாறிப் பாத்தா.

இருக்கற குப்பியை எடுத்தாச்சு. ஏற்கனவே போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போனவங்க? சிஸ்டருங்க அவங்கவங்க வார்டுல யாருக்கெல்லாம் அந்த ஊசி போட்டாங்கன்னு பாத்து போன் நம்பர் எடுத்துக் கொடுத்தாங்க. ஆனா எல்லாருக்கும் பேச அவங்களுக்கு நேரம் ஏது? என்ன பண்றதுன்னு என் அறைக்கு வந்தா, பெரியம்மா உக்காந்திருக்காங்க. சாப்பாட்டுத் தூக்கு கொண்டு வந்தாங்களாம். என்னைக்கும் இல்லாத அதிசயம்!

"என்னடி, கையெழுத்துப் போட்டியா?"

"இல்ல அத்தை."

"தெரியும். நீ எங்க உருப்படப் போறே?" நம்பர் எழுதின தாளைப் பிடுங்கினாங்க. "என்ன இது? இவங்களுக்கெல்லாம் பேசணுமா? கொடு போனை. நீ பேசினா பக்கத்துல இருக்கறவனுக்கே கேக்காது."

பெரியம்மா போன் பேசின அழகை நான் என்னன்னு சொல்ல! "ஆஸ்பத்திரிலேருந்து பேசறேன். யாரா? உங்கம்மான்னு வச்சுக்கோ. நரம்புல ஊசி போட்டாங்கல்ல? அந்தக் கை எப்படி இருக்கு? வீங்கியிருக்கா? பின்ன ஏன்பா சொல்லல? நாளைக்குக் காலையில வந்து சேரு. பணம் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. கேட்டா என்கிட்ட அனுப்பு." ஒவ்வொருத்தர்கிட்டயும் இதே பாட்டு. தண்ணி கூடக் குடிக்கல. நடுவுல ஒருத்தர் மூச்சு முட்டுதுன்னு சொன்னார் போல. "இப்பவே கிளம்பி வா, நாளைக்கு வேணாம், இப்பவே"ன்னு பெரியம்மா குரல் இறங்கிப் போச்சு. போனை வச்சுட்டு மருமகளை நிமிந்து பாத்தாங்க. அடுத்த நம்பரை அழுத்தினாங்க. அந்த ஆளை அன்னைக்கே கொண்டு வந்து சேத்தாங்க, அவர் பிழைச்சார்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் பீப்பு சத்தம் ஆரம்பிச்சுது. எட்டிப் பாத்தேன். மருந்தம்மா வார்டுலேருந்து வந்த குப்பியை ஒவ்வொண்ணா துப்பாக்கிக்குக் காட்டிக்கிட்டிருந்தா. ஏணி பக்கத்துல நின்னு எடுத்துக் கொடுத்துட்டிருந்தார். வார்டுலேருந்து திரும்பி வந்த மருந்துக்குக் கம்ப்யூட்டர்ல தனியா ஒரு பக்கம் உண்டாம். காரணம் எழுத இடமும் உண்டாம். அவ எழுதியிருந்தா: "கண்ணாடித் தூள் உள்ள பேட்ச் வார்டுகளுக்குப் போயிருக்கிறது. நோயாளிகளுக்கும் போடப்பட்டிருக்கிறது. காலிப் பெட்டியைக் காட்டி நான் தவறாகப் பதிவு செய்தேன்." அதுக்குக் கீழ தன் பேரு. ஒவ்வொரு பீப்பும் அதே நிமிஷம் மேலிடத்துல தெரியுமாம்.

பெரிய டாக்டர் ஓடி வந்தார். அவர் ஓடி நான் அன்னைக்குத்தான் பாத்தேன்.

"நிறுத்து! என்ன பண்ணிட்டிருக்கே நீ? யாரைக் கேட்டுப் பண்றே?"

"திரும்பி வந்த மருந்தைப் பதிவு பண்றேன் சார்."

"மேல இருந்து போன் வருது எனக்கு! ஒண்ணும் வெளிய போகலன்னு நேத்து சொன்னீங்க, இன்னைக்கு இப்படி வருதேன்னு கேக்கறாங்க. என்ன சொல்வேன்?"

"நடந்ததைச் சொல்லுங்க சார். இல்லன்னா போனை என்கிட்ட கொடுங்க, நான் சொல்றேன்."

அவர் கம்ப்யூட்டர்காரருக்கு போன் போட்டார். அந்தப் பக்கத்துக் குரல் எங்க எல்லாருக்கும் கேட்டுச்சு. "பதிவானதை அழிக்க முடியாது சார். யாரும் திருத்தக் கூடாதுன்னு நீங்கதானே சார் பூட்டுப் போடச் சொன்னீங்க?" ஏணி தலையைக் குனிஞ்சுக்கிட்டார். தோள் குலுங்கின குலுங்கல்ல சிரிக்கறார்னு தெரிஞ்சுது.

பெரிய டாக்டர் போனைப் பாக்கெட்ல போட்டார். குரல் சின்னதாயிடுச்சு. "உன் ஆர்டர் என்ன ஆகும்னு தெரியுமில்ல? உன் புருஷனை நினைச்சுப் பாத்தியா?"

"ராத்திரி பூரா அவரைத்தான் சார் நினைச்சேன். இனிமே எங்க வீட்டைப் பத்தி நீங்க பேசாதீங்க."

"நாளையிலேருந்து நீ வேலைக்கு வர வேண்டாம்."

"அந்த ஊசி போட்டுக்கிட்டவங்களை எல்லாம் நாளைக்கு வரச் சொல்லியிருக்கு சார். நான் வராம மருந்து யாரு கொடுப்பா? நீங்க ராக்குல ஏறுவீங்களா?" சொல்லிட்டு அடுத்த குப்பியை எடுத்தா. பீப்பு.

ஆர்டர் என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. கையெழுத்து விழல. அவ வீட்டுக்காரர் இன்னும் தடியோடதான் நடக்கறார். ஆபரேஷனுக்கு வேற வழி பாக்கணும், பாத்துக்கிட்டிருக்காங்க. எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுன்னு சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனா அன்னைக்குச் சாயங்காலம் அந்த மனுஷன் வாசல் வரைக்கும் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு வந்து நின்னார். பொண்டாட்டி வர்றதைப் பாத்து, "வா"ன்னார். அவ்வளவுதான் சொன்னார். அவ அவர் தோளுக்குக் கீழ கையைக் கொடுத்து உள்ள கூட்டிட்டுப் போனா.

மறுநாள் காலையில மழை விட்டுடுச்சு. ஆஸ்பத்திரி கேட்டுலேருந்தே கூட்டம். கை வீங்கினவங்க, ஒண்ணும் ஆகலன்னாலும் பயந்து போய் வந்தவங்க, பிள்ளையைத் தூக்கிட்டு வந்தவங்க. டாக்டருங்க ஒவ்வொருத்தரையா பாத்துச் சீட்டு எழுதிக் கொடுக்க, மருந்து ஜன்னல்ல வரிசை வராண்டாவைத் தாண்டிப் போச்சு. பெரியம்மா நடுவுல நடந்துக்கிட்டு, "தள்ளாதீங்க, எல்லாருக்கும் இருக்கு"ன்னு அதட்டிக்கிட்டிருந்தாங்க. யாரும் அவங்களை யாருன்னு கேக்கல.

மருந்தம்மா ஜன்னலுக்கு உள்ள இருந்தா. வேலைக்கு வர வேண்டாம்னு சொன்னது அவளுக்கு ஞாபகமே இல்லாத மாதிரி சீட்டை வாங்கறதும், ஏணிகிட்ட சொல்றதும், மருந்தைக் கொடுக்கறதுமா இருந்தா. நான் என் மிஷினைத் திருப்பிப் போட்டுக்கிட்டு, கதவைத் திறந்து வச்சு, தைக்கற மாதிரி பாவனை பண்ணிக்கிட்டு வேடிக்கை பாத்துட்டிருந்தேன்.

பெரிய டாக்டர் வந்தார். கையில ஒரு கவர். அவளை வேலையிலேருந்து நிறுத்தின உத்தரவு, அவ கையெழுத்துப் போட்டு வாங்கிக்கணும். வேற யார்கிட்டயும் கொடுத்து அனுப்பாம அவரே வந்திருந்தார். வரிசைக்குப் பக்கவாட்டுல நேரா ஜன்னலுக்குப் போய், கவரைக் கம்பிக்குள்ள நீட்டினார்.

"இதை வாங்கிக்கோ."

மருந்தம்மா நிமிரவே இல்ல. ஒரு பொண்ணுகிட்ட எந்த மாத்திரையைக் காலையில போடணும், எதைச் சாப்பாட்டுக்கு அப்புறம் போடணும்னு சொல்லிக்கிட்டிருந்தா. சொல்லி முடிச்சா. அந்தப் பொண்ணுக்குப் புரியல, மறுபடி முதல்லேருந்து சொன்னா. கவர் நீட்டின கை அந்தரத்துலயே நின்னுச்சு.

அப்புறம் அவ அவரைப் பாத்தா. கோபமும் இல்ல, பயமும் இல்ல. தினமும் நூறு பேர்கிட்ட சொல்ற அதே குரல்ல சொன்னா.

"வரிசையில வாங்க சார்."

வரிசையில இருந்த அத்தனை தலையும் திரும்புச்சு. அவர் யாருன்னு பாதிப் பேருக்குத் தெரியாது. கட்டுப் போட்ட கையோட கடைசில நின்ன ஒருத்தர், "இங்க வாங்கய்யா, எனக்குப் பின்னால நில்லுங்க. சீக்கிரம் நகரும், அந்தம்மா வேகமாத் தருவாங்க"ன்னு இடம் விட்டார்.

பெரிய டாக்டர் ஜன்னலைப் பாத்தார், கூட்டத்தைப் பாத்தார். நடந்து போய், அந்த ஆளுக்குப் பின்னால நின்னார்.